யாரைக் கேட்டு ஜோடியை மாற்றினார்கள்

ஜூலை 21, திங்கள்

மேகமூட்டம். நேற்றுப் பெய்த மழை ஸ்கேட்டிங் ரிங்கில் அப்படியே நிற்கிறது. நானும் ஃபைசலும் ஐந்தே காலிலிருந்து தண்ணீர் தள்ளினோம். பிறகு பழைய பெட்ஷீட் போட்டுத் துடைத்தோம். ஆறு மணிக்குத்தான் சக்கரத்தில் ஏற முடிந்தது. தரையைத் துடைப்பது வாட்ச்மேன் வேலை. கேட்டைத் திறப்பதோடு தன் வேலை முடிந்தது என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டுவிட்டார்.

ஈரத்தில் சக்கரம் வழுக்கினால் ஃபைசலுக்கு முட்டி சிராய்க்கும். அவன் தலைக்கு மேலே இருப்பவள் நான். எனக்கு என்ன ஆகும் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

நடைப்பயிற்சிக்கு வரும் மாமா ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டீவில ஐஸ்லதானேம்மா பண்றா? இங்க ஐஸ் எங்க?" கரும்பு ஜூஸ் வண்டியில இருக்கு மாமா என்றேன். ஒன்பது வருடமாக வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். நாலு சக்கர ஷூவில் ஜோடியாக ஆடுவதும் ஸ்கேட்டிங்தான் என்று ஒரு போர்டு எழுதி மாட்ட வேண்டும்.

மாநிலத் தேர்வு ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு. நேஷனல்ஸுக்கு இரண்டு ஜோடி போகலாம். மொத்த மாநிலத்திலும் ஜோடியே நாலுதான். பெண்கள் நிறைய. பையன்கள்தான் இல்லை. எல்லாப் பையன்களும் வேகப் போட்டிக்கு ஓடிவிடுகிறார்கள். ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு பாட்டுக்கு ஆடுவது ஆம்பிளை வேலை இல்லையாம். அதனால் ஆடத் தெரிந்த பையன் ஒருவன் இருந்தால் அவனுக்கு மாப்பிள்ளை மரியாதை. ஃபைசல் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் கிடைத்தது அவன் அதிர்ஷ்டம் என்று ஒருத்தர் சொன்னதில்லை.

மூன்று வருடமாக நேஷனல்ஸில் நாலாவது இடம். இந்த வருடம் மெடல். என்னைத் தலைக்கு மேல் தூக்குகிற புது லிஃப்ட் கைக்கு வந்துவிட்டது. இன்று ஐந்தில் நாலு முறை சுத்தம்.

ஃபை. இன்றும் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டான். "அத்தா கடையில ஆடி ஆர்டர் தலைக்கு மேல கீது ரஞ்சு." ஒரு மாதமாக இதே கதை. பாவம், இரண்டு வேலை.

வாங்க: பேரிங்குக்கு எண்ணெய். இடது ஷூ லேஸ். அம்மாவின் பிரஷர் மாத்திரை. முட்டிக்கு பேண்டேஜ்.


ஜூலை 22, செவ்வாய்

புழுக்கம். நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஸ்போர்ட்ஸ் டே ஊர்வல ஒத்திகை. பி.டி. மிஸ் என்றால் விசில் ஊதப் பிறந்தவள் என்று நினைப்பு. ஆறாம் வகுப்பு முழுக்க இடது வலது தெரியவில்லை. தொண்டை போச்சு.

மதியம் பஷீர் அங்கிள் போன். ஃபைசலின் அப்பா. தி.நகரில் தையல் கடை. ஒன்பது வருடமாக எங்கள் போட்டி உடுப்பு எல்லாம் அவர் கைதான். "ட்ரெஸ் ரெடியா கீதும்மா. ஒரு வாட்டி வந்து பாத்துட்டு போயிடு." நாளை வருகிறேன் என்றேன். இந்த வருடம் மயில் நீலம். நான் தேர்ந்தெடுத்த துணி.


ஜூலை 23, புதன்

கோபம். எழுதினால் அடங்கும் என்று எழுதுகிறேன்.

தி.நகரில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு நடக்க இருபத்தைந்து நிமிடம். "எடுத்த எடுத்த, எது எடுத்தாலும்" என்று காதுக்குள்ளேயே கத்துகிறார்கள்.

அங்கிள் உடுப்பைக் கொடுத்தார். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டேன். இடுப்பில் ஏறவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தேன். ஜிப் பாதியில் நின்றுவிட்டது. ஒரு மாதமாக நான் சாப்பிட்ட ஒவ்வொரு பஜ்ஜியும் கண்முன் வந்தது. இரண்டாவது தடவை இழுக்கும்போது உள்பக்கம் ஏதோ குத்தியது. குண்டூசி. அளவுச் சீட்டு.

சீட்டில் ஷ்ரேயா என்று எழுதியிருக்கிறது. எழுத்து ஃபைசலுடையது. எனக்குத் தெரியாத எழுத்தா?

ஷ்ரேயா எங்கள் ஸ்கேட்டிங் சங்கப் பொருளாளரின் பெண். பதினாறு வயது. தனியாக ஆடுகிறவள்.

வெளியே வந்து சீட்டைக் காட்டினேன். அங்கிள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இன்னாம்மா, உனக்குத் தெரியாதா? நீ கண்ணாலம் கட்டிக்கினு போற, அந்தப் பாப்பாதான் இனிமே ஜோடின்னு சொன்னானே. உன்ட்ட ஒரு வாட்டி காட்டிடலாம், நீ எட்த்த துணியாச்சேன்னுதான்…"

"எனக்கு யாரோட அங்கிள் கல்யாணம்?"

அவர் அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஒரு மாதமாகக் காலை ஏழரைக்கு அந்தப் பெண்ணோடு பயிற்சி நடக்கிறதாம். பொருளாளர் ஏற்பாடு செய்த கூரை போட்ட ரிங்கில். மழைத் தண்ணீர் தள்ள வேண்டாம். பெட்ஷீட் வேண்டாம்.

ஆடி ஆர்டர் தலைக்கு மேல கீது! திருட்டுப் பயல். நான் அவனுக்காகப் பாவம் வேறு பட்டேன்.

பாதி ஜிப்போடு மாட்டிக்கொண்ட உடுப்பைக் கழற்ற அங்கிள் மனைவி வந்து உதவ வேண்டியிருந்தது. அந்த அவமானம் தனி.


ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பா தர்ப்பணம். வீட்டில் வாழைக்காய், பாகற்காய். எனக்கு எதுவும் இறங்கவில்லை.

காலை ரிங்கில் ஃபைசலை நிறுத்திக் கேட்டேன். ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்தே இருந்தான். லேஸ் ஏற்கெனவே கட்டியிருந்தது.

"நீதான் நிறுத்தப் போறியாமே. மூர்த்தி சாரு சொன்னாரு."

"நான் சொன்னேனா?"

"உங்க அம்மாதான் பொருளாளர் வீட்டம்மாகிட்ட சொன்னாங்களாம்."

"எங்க அம்மா, மூர்த்தி சாரு! நான் இங்க ஒன்பது வருஷமா மலைமாதிரி எதிர்ல நிக்கறேனே, என்னைக் கேக்கத் தோணலையா?"

லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

கோச் மூர்த்தி சார் ஆறரைக்கு வந்தார். வந்ததும் கையை நீட்டி, "வாழ்த்துகள்மா." எதுக்கு சார் என்றேன். "நல்ல இடம்னு கேள்விப்பட்டேன். நங்கநல்லூராம்ல?" எனக்கே தெரியாத மாப்பிள்ளையின் பேட்டை இவருக்குத் தெரிகிறது. அப்புறம் மெல்ல ஆரம்பித்தார். "நீ அம்பத்தாறு கிலோ. அந்தப் பாப்பா நாப்பத்திரெண்டு. ஃபைசல் தோளையும் பாக்கணும்ல." அந்தத் தோள் என்னைத் தூக்கித்தான் தோள் ஆயிற்று சார் என்றேன். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஜூனியர் பக்கம் போய்விட்டார்.

மாலை. சமையலறை.

"பொருளாளர் ஆத்து மாமிகிட்ட நான் நிறுத்தப் போறேன்னு சொன்னியாம்மா?"

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சொன்னேன். போன மாசம் பிரதோஷத்துக்குக் கபாலி கோவில் க்யூல பார்த்தேன். சொன்னேன்."

"வாய் தவறியா?"

"தெரிஞ்சுண்டுதான் சொன்னேன். நங்கநல்லூர்க்காரா உன் வீடியோவைப் பார்த்துட்டா. தூக்கறது யாருன்னு அந்த மாமி கேக்கறா. நான் என்னடி பதில் சொல்வேன்? ஒம்போது வருஷமா ஒரு பையன் இடுப்பைப் பிடிச்சுண்டு தூக்கறான். எந்த ஆத்துல பொண்ணு எடுப்பா? ஆவணி பொறந்தா அவா பொண்ணு பார்க்க வரா. அதுக்குள்ள இதெல்லாம் முடியட்டும்னுதான்."

ஒரு பையன் என்றாள். இந்தச் சமையலறையில் உட்கார்ந்து இவள் கையால் அடையும் அவியலும் சாப்பிட்டவன், இவளுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஆட்டோ பிடித்து வந்தவன், ஒரு பையன். பெயர் சொல்ல நாக்கு வரவில்லை.

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "மெதுவாப் பேசுங்கோ, பக்கத்தாத்துல கேக்கும்" என்றார். ஊர் முழுக்க எனக்குக் கல்யாணம் பண்ணிவைத்தாயிற்று. பக்கத்து வீட்டுக்குக் கேட்டால்தான் என்ன?


ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. விடிகாலையிலிருந்து அம்மன் கோவில் ஸ்பீக்கர். பயிற்சிக்குப் போகவில்லை. ஒன்பது வருடத்தில் காய்ச்சல் இல்லாமல் போகாத முதல் நாள்.

பள்ளியிலிருந்து வந்ததும் சங்கத்தின் விதிப் புத்தகத்தை எடுத்தேன். ஜெராக்ஸ், பாதி அழிந்தது. நாலாம் பக்கம், கடைசி விதி. பதிவான ஜோடியில் ஒருவர் வேறு ஜோடிக்கு மாற வேண்டுமானால், மற்றவர் கையெழுத்துப் போட்ட விடுவிப்புக் கடிதம் வேண்டும். தேர்வுக்கு முதல் நாள் மாலை ஐந்துக்குள். இல்லாவிட்டால் பதிவான ஜோடியே செல்லும்.

பையன்கள் தட்டுப்பாட்டில் ஒருத்தர் பையனை இன்னொருத்தர் கொத்திக்கொண்டு போகக் கூடாது என்று இவர்களே போட்ட விதி. போட்டதே இந்தப் பொருளாளர்தான்.

இரண்டு தடவை படித்தேன். பிறகு எழுந்துபோய் இரண்டு தோசை சாப்பிட்டேன். இரண்டு நாளில் முதல் சாப்பாடு.


ஜூலை 27, ஞாயிறு

வெயில். காலை பத்தரைக்கு அழைப்பு மணி. பொருளாளர், மனைவி. கையில் தாம்பாளம். ஆப்பிள், மாதுளை, வெற்றிலை பாக்கு, மேலே ஒரு முழம் பூ. சத்தியமாகச் சொல்கிறேன், பூ.

அம்மா உள்ளே ஓடினாள், டிகாக்‌ஷன் இறக்க. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பையனைக் கேட்டு வந்திருக்கீங்க. ஜாதகம் கொண்டு வரலையா சார்?"

அவர் சிரிப்பது மாதிரி வாயை வைத்துக்கொண்டார். "தமாஷா பேசுறம்மா நீ. பாப்பா தனியா ஆடி மேல வர முடியல. ஜோடின்னா போட்டி கம்மி. ஃபைசல் மாதிரி பையன் அமையறது கஷ்டம். உனக்கென்ன, நல்ல வரன் வந்துட்டுது. ஒரு கையெழுத்து. பெருந்தன்மையா இருக்கும்."

"எனக்கு அது இல்ல சார்."

"எது?"

"பெருந்தன்மை."

அவர் மனைவி அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். "குழந்தேளுக்காக வந்திருக்காடி. போட்டுக் குடேன்" என்றாள், அவர்களுக்குக் கேட்கும்படி மெல்ல. நான் குழந்தை இல்லையா? இருபத்தாறு வயதானால் யாருடைய குழந்தையும் இல்லையா?

கடிதத்தை டைப் செய்தே கொண்டுவந்திருந்தார். "என் சொந்தக் காரணங்களுக்காகவும் முழு மனதுடனும்" என்று ஆரம்பிக்கிறது. என் மனம் முழுசா அரையா என்று அபிராமபுரத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து இவர் சொல்ல வேண்டும்! கையெழுத்து இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

வைத்துவிட்டுப் போங்கள், யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரு வாரம் காத்திருக்கட்டும் என்றுதான்.

தாம்பாளத்தை எடுத்துப்போக மறந்துவிட்டார்கள். மாதுளை நல்ல மாதுளை. சாப்பிட்டேன். கோபத்துக்கும் மாதுளைக்கும் சம்பந்தமில்லை.


ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். அம்மா கோவிலிலிருந்து பிரசாத வளையல் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். கண்ணாடி வளையலோடு லிஃப்ட் ஏறினால் அவன் கழுத்து அறுபடும். இன்றைக்கு அதுகூட நல்ல யோசனையாகத்தான் தோன்றியது.

ரிங்குக்கு நான் மட்டும் போனேன். தனியாகத் தண்ணீர் தள்ளினேன். ஸ்பின், ஸ்டெப், ஸ்பின். ஜோடி ஆட்டத்தைத் தனியாக ஆடிப் பார்த்தால் பாதி நேரம் கை சும்மா நீண்டுகொண்டு நிற்கிறது. பார்க்கிறவர்களுக்குப் பஸ் நிறுத்துகிற மாதிரி இருந்திருக்கும்.

அவனுக்கு போன் செய்யவில்லை. செய்ய மாட்டேன்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

மூன்று நாளாக எழுத நேரமில்லை. ஸ்போர்ட்ஸ் டே முடிந்தது. ஆறாம் வகுப்பு ஊர்வலத்தில் இரண்டாகப் பிரிந்து எதிரெதிர்த் திசையில் போனது. பிரின்ஸிபால் என்னைப் பார்த்த பார்வை!

பொருளாளர் நாலு போன். மூர்த்தி சார் இரண்டு. பொருளாளர் மனைவி அம்மாவுக்கு மூன்று. ஃபை. பூஜ்யம்.


ஆகஸ்ட் 2, சனி

மதியம் மூன்று மணி. நல்ல மழை. ஃபைசல் வந்து வாசலில் நின்றான், நனைந்து. அம்மா கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் சொன்னேன்.

உட்காரவில்லை. "அஞ்சு மணிக்குள்ள லெட்டர் குடுக்கணுமாம். அவரு அனுப்பினாரு" என்றான்.

"நீ என்ன கேக்கற?"

"ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டா. இந்த வருசத்தோட எனக்கு வயசு முடியுது ரஞ்சு. மெடல் இல்லாம அப்ளிகேஷன் போட முடியாது. அந்தப் பொண்ணுகூட போனா நேஷனல்ஸ்ல கொஞ்சம் சொல்லி வைக்கிறேன்னு அவரு சொன்னாரு. கடையும் முன்ன மாதிரி இல்ல. ரெடிமேட் வந்ததுலேர்ந்து அத்தா கையில இன்னா கீது சொல்லு?"

அந்த வேலை பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு வார்த்தை. நான் மெடல் மெடல் என்று குதித்தபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேன்டா கையெழுத்து. அழுதுண்டே போட்டிருப்பேன். கேட்டியா?"

"கேக்க பயமா இருந்திச்சு." தரையைப் பார்த்துக்கொண்டே, "அத்தா ஒண்ணும் தப்பா உன்னக் கூப்புடல. நான்தான் கூப்புடச் சொன்னேன். சீட்ட உள்ள குத்தினது நான்தான். அத்த பாத்தாவது தெரிஞ்சிக்குவன்னு."

அதாவது என்னைத் தலைக்கு மேல் ஒற்றைக் கையில் நிறுத்தத் தைரியம் உள்ளவனுக்கு, எதிரில் நின்று ஒரு வாக்கியம் சொல்லத் தைரியம் இல்லை. குண்டூசி வழியாகச் சொல்லி அனுப்புகிறான். திரைக்குப் பின்னால் நான் மூச்சுப் பிடித்து நின்றது, உன் அம்மா வந்து ஜிப்பை இழுத்தது, எல்லாம் நீ போட்ட திட்டமா என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்கு நிச்சயம் கேட்டிருக்கும். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

கடிதத்தை எடுத்து வந்தேன். அவன் பேனாவை நீட்டினான். வாங்கவில்லை.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வா. பழைய அரக்கு ட்ரெஸ். நீலம் எனக்கு வேண்டாம். மெடல் உனக்கும் வேணும், எனக்கும் வேணும். அதுவரைக்கும் கையைப் பிடிக்கறேன். பேச மாட்டேன்."

"வரேன்" என்றான். பேனாவைச் சட்டையில் மாட்டினான். "சாரி ரஞ்சு."

கதவைச் சாத்தினேன். ஐந்து மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தே கால். ஐந்தரை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வெயில் காய்ந்தது, தரை உலர்ந்தது, அந்த மட்டுக்கும் நல்லது.

அம்மா காலையில் கலந்த சாதம் கிளறிக்கொண்டிருந்தாள். எலுமிச்சை, தேங்காய், புளி. நான் பையை எடுத்தபோது, "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். ஒரு வாரத்தில் என்னிடம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. வந்து சாப்பிடறேன் என்றேன்.

ஃபை. ஏழே முக்காலுக்கே வந்திருந்தான். அரக்கு உடுப்பு தோளில் இறுகுகிறது அவனுக்கு. எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது பொருளாளர் நடுவர் மேஜைக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாரோ, "இந்த ஜோடி பிரிஞ்சிடுச்சுன்னாங்களே?" பக்கத்தில் இருந்தவர், "பொண்ணுக்குக் கல்யாணம்பா." போகிறபோக்கில் திரும்பி, "ஆகலை" என்றேன்.

பாட்டு தொடங்கியது. முதல் ஸ்பின் சுமார். இரண்டாவது நன்று. டெத் ஸ்பைரல், அதாவது அவன் ஒரு கையைப் பிடித்துச் சுற்ற நான் தலை தரையை உரசுகிற மாதிரி படுத்துச் சுற்றுவது, நான்கு சுற்று. பிறகு லிஃப்ட். ஜோடிக்கு நம்பிக்கைதான் மூலதனம் என்று மூர்த்தி சார் எல்லா விழாவிலும் பேசுவார். எனக்கு இன்று அவன்மேல் குண்டூசி அளவு நம்பிக்கை இல்லை. ஆனால் அவன் மணிக்கட்டு எந்தக் கணத்தில் பூட்டும் என்று தெரியும். வலது கால் வளைந்தால் இன்னும் இரண்டு நொடி தாங்குவான் என்று தெரியும். அது போதுமானதாக இருந்தது. மேலே போனேன், கையை விட்டேன், சுற்றினான், இறங்கினேன். கைதட்டினார்கள். முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டே வணங்கினேன். அவன் பக்கம் திரும்பவில்லை.

இரண்டாம் இடம். கோயம்புத்தூர் ஜோடி முதல். இரண்டு ஜோடியும் நேஷனல்ஸுக்கு.

உடை மாற்றும் அறையில் ஷ்ரேயா. வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள். பத்து நாளாக இந்தப் பெண்ணை மனதுக்குள் என்னென்னவோ திட்டியிருக்கிறேன், எழுத முடியாது. ஜூஸ் கொட்டிய சட்டையை மாற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் இரண்டு பக்கமும் கன்றிப்போன நீலம். விரல் அடையாளம்கூடத் தெரிகிறது. தொடையில் ஒன்று, மஞ்சளாகிக்கொண்டிருப்பது. லிஃப்ட் பழகும்போது வருவது. எனக்கும் வந்தது. ஆனால் எனக்கு அது ஆசைப்பட்டு வந்தது.

"அம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க. ஃபுல் பேன்ட் போட்டுக்கோன்னாங்க." சட்டையை இழுத்து மூடினாள். "அக்கா, நீங்க கையெழுத்துப் போடலன்னு அப்பா கத்தினாரு. நான் உள்ள போய் சாமிக்கு தேங்க்ஸ் சொன்னேன். எனக்கு மேல போனா கண்ணே இருட்டுது. தனியா ஆடத்தான் புடிக்கும்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"என்ன யாரு கேட்டா?"

என்ன செய்வதென்று தெரியவில்லை. என் பையிலிருந்த வலி மருந்தைக் கொடுத்தேன். வெளியே வந்தால் பொருளாளர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "வாழ்த்துகள்மா. நேஷனல்ஸ் முடிஞ்சதும் அந்த லெட்டரை மட்டும் மறந்துடாத."

"ஷ்ரேயாவைக் கேட்டீங்களா சார், அவளுக்கு ஜோடி வேணுமான்னு?"

"பாப்பாவ என்னத்தக் கேக்கறது? குழந்த. அவளுக்கு என்ன தெரியும்?"

"இடுப்பைப் பாருங்க சார். அதுக்குத் தெரியும்."

சத்தமாகத்தான் சொன்னேன். நடுவர் இரண்டு பேர் திரும்பினார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது. அடுத்த வருடம் எனக்கு என்னென்ன விதி வரப்போகிறதோ, வரட்டும். ஃபைசல் பக்கத்தில் நின்று அத்தனையும் கேட்டான். அந்த விரல் அடையாளம் யாருடையது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தலை நிமிரவில்லை.

மாலை வீடு. தேங்காய் சாதம் ஆறிப்போயிருந்தது. "செலக்ட் ஆச்சா?" என்றாள் அம்மா. ஆச்சு என்றேன்.

"அப்போ நங்கநல்லூர்க்காராகிட்ட நான் என்ன சொல்ல?"

"பொண்ணு ஆடறா, நிறுத்தல, ஆவணில வர வேண்டாம்னு சொல்லு. இதையாவது என்னைக் கேட்டுண்டு சொல்லு."

அம்மா கரண்டியை எடுத்தாள். பிறகு எனக்கு இன்னும் ஒரு கரண்டி புளியோதரை போட்டாள். சம்மதமா கோபமா தெரியவில்லை. சாப்பிட்டேன்.


ஆகஸ்ட் 4, திங்கள்

தூறல், ஐந்து மணிக்கே நின்றுவிட்டது. நான் போகும்போது தரை துடைத்தாயிற்று. ஃபைசல் பெட்ஷீட்டைப் பிழிந்துகொண்டிருந்தான். வாட்ச்மேன் நாற்காலியில்.

பேச மாட்டேன் என்று சொன்னதால் பேசவில்லை. ஸ்டெப் இருபது நிமிடம். ஸ்பின் பத்து. லிஃப்டுக்கு வந்தோம். வழக்கம்போலப் பின்னால் வந்து இடுப்பில் கை வைத்தான்.

"கேளு" என்றேன்.

"இன்னா?"

"தூக்கறதுக்கு முன்னாடி கேளு."

புரியாமல் நின்றான். பிறகு புரிந்தது. காது சிவந்துவிட்டது. "தூக்கட்டுமா?"

"ம்."

ஆறு லிஃப்ட் போட வேண்டும். ஐந்து முறையும் கேட்டான். ஐந்தும் சுத்தம். ஆறாவது முறை கேட்டபோது வேண்டாம் என்றேன். கால் வலி ஒன்றும் இல்லை. சொல்லிப் பார்த்தேன்.

கையை எடுத்துவிட்டான்.